முறைவழி வினாடி வினாவில் இருக்கைச் சார்பும் 'அண்டை மாறும் சுற்று' என்னும் புதிய அமைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

வினாடி வினாப் போட்டிகளில் வினாக்கள் அணிகளுக்கு முறைவைத்துக் கேட்கப்படும்போது, ஓர் அணி பெறும் புள்ளி அதன் அறிவை மட்டும் பொறுத்து அமைவதில்லை. அதற்கு முன்னால் அமர்ந்திருக்கும் அணியின் திறனையும் பொறுத்து அமைகிறது. ஒத்த திறனுடைய அணிகளுக்கிடையே இதனால் தோன்றும் வேறுபாட்டை எளிய நிகழ்தகவுக் கணக்கின் வழி இக்கட்டுரை அளந்து காட்டுகிறது. வழக்கிலுள்ள தீர்வுகளான திசை மாற்றம், முடிவிலாச் சுழற்சி, முந்துவிடை ஆகியவற்றின் ஆற்றலையும் குறையையும் மதிப்பிடுகிறது. நான்கு அணிகள், இருபத்துநான்கு வினாக்கள் கொண்ட இறுதிப்போட்டிக்கு இருக்கைச் சார்பை முற்றிலும் நீக்கும் ஒரு புதிய அமைப்பை முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: வினாடி வினா, முறைவழிப் போட்டி, கைமாறும் வினா, இருக்கைச் சார்பு, வரிசைமாற்றம், சமவாய்ப்பு.

முன்னுரை

பொது அறிவுப் போட்டிகளைப் பொதுவாக இருவகையாகப் பிரிக்கலாம். வினாவைக் கேட்டவுடன் யார் முதலில் மணிப்பொத்தானை அழுத்துகிறாரோ அவர் விடையளிக்கும் விரைவுப் போட்டி ஒருவகை. பிரிட்டனில் 1962இல் தொடங்கிய 'யுனிவர்சிட்டி சேலஞ்ச்' இதற்கு நன்கறியப்பட்ட சான்று. ஒவ்வொரு வினாவும் குறிப்பிட்ட ஒருவருக்கு உரியதாக முறைவைத்துக் கேட்கப்படும் போட்டி மற்றொரு வகை. 1953இல் 'வாட் டு யூ நோ?' என்ற பெயரில் பிபிசி வானொலியில் தொடங்கிப் பின்னர் 'பிரெய்ன் ஆஃப் பிரிட்டன்' என்று பெயர்பெற்ற நிகழ்ச்சி இவ்வகையினது.

இந்தியாவில் 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் நடத்திய போட்டியிலிருந்து பொதுமக்களுக்கான வினாடி வினா வரலாறு தொடங்குவதாகக் கொள்வர். 1972இல் வானொலியில் ஒலிபரப்பாகத் தொடங்கிய போர்ன்விட்டா வினாடி வினாவும், 1985இல் தூர்தர்ஷனில் சித்தார்த்த பாசு நடத்திய 'குவிஸ் டைம்' நிகழ்ச்சியும் இதனைப் பள்ளி, கல்லூரிகளுக்குக் கொண்டுசென்றன. 1983இல் தொடங்கப்பெற்ற கர்நாடக வினாடி வினாச் சங்கம் போன்ற அமைப்புகள் நகரங்களில் இதனை ஒரு தொடர் இயக்கமாக்கின.

இந்திய மேடைப் போட்டிகளில் முறைவழி அமைப்பே பெரிதும் நிலைபெற்றது. இதற்கு இரு காரணங்களைக் கூறலாம். முதலாவது, மணிப்பொத்தான் கருவி இல்லாத பள்ளியிலும் இதனை நடத்த இயலும். இரண்டாவது, இந்திய வினாக்கள் பெரும்பாலும் குறிப்புகளை அடுக்கிச் சிந்தித்து விடைகாணும் வகையில் அமைபவை. அவற்றுக்கு விரைவைவிட நிதானமே தேவை. எல்லா அணிகளுக்கும் பேச இடம் கிடைக்கும் என்பதும் முறைவழிப் போட்டியின் சிறப்பு. ஆயினும் 'முறை' என்ற சொல் தரும் சமத்துவத் தோற்றம் உண்மையில் நிறைவேறுகிறதா என்பது ஆராயத்தக்கது.

கைமாறும் வினாவின் இயல்பு

முறைவழிப் போட்டியின் அடிப்படை விதி எளியது. முதல் வினா முதல் அணிக்கு, இரண்டாம் வினா இரண்டாம் அணிக்கு என நேர்வினாக்கள் சுழன்று வரும். உரிய அணிக்கு விடை தெரியாவிடில் வினா அடுத்த அணிக்குக் கைமாறும். பேச்சுவழக்கில் இதனைப் 'பாஸ்' என்பர். அவ்வணியும் தவறினால் அதற்கடுத்த அணிக்குச் செல்லும்.

நேர்வினாக்களின் எண்ணிக்கை எல்லா அணிகளுக்கும் சமம். கைமாறி வரும் வினாக்களின் எண்ணிக்கையோ சமமன்று. தனக்கு முன்னால் இருக்கும் அணி எவ்வளவு தவறுகிறதோ, அவ்வளவு வினாக்கள் பின்னால் இருக்கும் அணிக்கு வந்து சேரும். திறன் குறைந்த அணிக்கு அடுத்த இருக்கை வளமானது. திறன் மிகுந்த அணிக்கு அடுத்த இருக்கை வறண்டது. அனுபவமுள்ள போட்டியாளர்கள் இதனை நன்கறிவர். இவ்வேறுபாட்டை 'இருக்கைச் சார்பு' என இக்கட்டுரை குறிப்பிடுகிறது.

இருக்கைச் சார்பை அளத்தல்

பள்ளிப் போட்டிகளின் வழக்கப்படி நான்கு அணிகளுக்குக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் எனப் பெயரிடலாம். அவை இதே வரிசையில் அமர்ந்துள்ளன. வினாக்கள் இதே திசையில் கைமாறுகின்றன. குறிஞ்சி அணி ஒரு வினாவுக்குச் சரியான விடை கூறும் நிகழ்தகவு 0.2 எனவும், ஏனைய மூன்று அணிகளுக்கும் அது 0.5 எனவும் கொள்ளலாம். ஓர் அணி தவறுவது அடுத்த அணியின் நிகழ்தகவைப் பாதிப்பதில்லை என்பது தொடக்கநிலை எடுகோள்.

குறிஞ்சியிடம் தொடங்கும் வினாவில், முல்லைக்கு வினா வந்துசேரும் நிகழ்தகவு 0.8, அது விடைகூறும் நிகழ்தகவு 0.4. மருதத்துக்கு இது 0.2, நெய்தலுக்கு 0.1. இவ்வாறே மற்ற மூன்று தொடக்கங்களையும் கணக்கிட்டுக் கூட்டினால், நான்கு வினாக்கள் கொண்ட ஒரு சுழற்சியில் முல்லை 1.2 வினாக்களுக்கும், மருதம் 1.05 வினாக்களுக்கும், நெய்தல் 0.975 வினாக்களுக்கும் விடையளிக்கும் என எதிர்பார்க்கலாம். குறிஞ்சிக்குரிய மதிப்பு 0.375.

ஒரு விடைக்குப் பத்துப் புள்ளி வீதம் 24 வினாக்கள் கொண்ட போட்டியில் இதன் விளைவு பின்வருமாறு அமையும்:

முல்லை – 72 புள்ளி
மருதம் – 63 புள்ளி
நெய்தல் – 58.5 புள்ளி
குறிஞ்சி – 22.5 புள்ளி

முல்லை, மருதம், நெய்தல் ஆகிய மூன்றும் ஒத்த திறனுடையவை. எனினும் முல்லைக்கும் நெய்தலுக்கும் இடையே 13.5 புள்ளி வேறுபாடு உள்ளது. இது ஒரு முழு வினாவின் மதிப்பைவிட மிகுதி. இறுதிப்போட்டிகள் பல ஒரு வினா வேறுபாட்டில் முடிவதை எண்ணினால், பரிசு யாருக்கு என்பதை இருக்கை தீர்மானிக்கும் வாய்ப்பு உண்டு என்பது தெளிவாகும்.

கைமாறிய வினாவுக்குப் பாதிப் புள்ளி வழங்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இது வேறுபாட்டை 6.75 புள்ளியாகக் குறைக்கிறது, நீக்குவதில்லை.

இங்கு இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, தற்செயலின் பங்கு இதனினும் பெரிது என்பது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் முல்லை பெறும் புள்ளியின் திட்டவிலக்கம் ஏறத்தாழ 21 ஆகும், 13.5 என்பது அதனினும் சிறியதே. ஆயினும் தற்செயல் எந்த அணிக்கும் சாய்வதில்லை. இருக்கைச் சார்பு எப்போதும் ஒரே பக்கம் சாய்வது. இரண்டாவது, இருக்கைகள் குலுக்கல் முறையில் வழங்கப்படுவதால் அநீதி இல்லை என்பது. குலுக்கல், நல்ல இருக்கையைப் பெறும் வாய்ப்பை மட்டுமே சமமாக்குகிறது. சீட்டு எடுத்த பின்னர் நடைபெறும் போட்டி சமமற்றதாகவே தொடர்கிறது. அறிவை அளக்கும் போட்டியில் சீட்டின் பங்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நன்று.

வழக்கிலுள்ள தீர்வுகள்

அ. திசை மாற்றம்

போட்டியின் முற்பாதியில் வலஞ்சுழியாகவும் பிற்பாதியில் இடஞ்சுழியாகவும் வினாக்களைக் கைமாற்றுவது எளிய தீர்வு. மேற்கண்ட எடுத்துக்காட்டில் இவ்வாறு செய்தால் முல்லையும் நெய்தலும் 65.25 புள்ளி வீதமும், மருதம் 63 புள்ளியும் பெறும். வேறுபாடு 13.5இலிருந்து 2.25 ஆகக் குறைகிறது. செலவின்றிக் கிடைக்கும் இப்பயன் குறைத்து மதிப்பிடத்தக்கதன்று.

ஆனால் அணிகளின் திறன் மேலும் வேறுபடும்போது இத்தீர்வு தளர்கிறது. குறிஞ்சிக்கு 0.2, முல்லைக்கு 0.8, மருதத்துக்கும் நெய்தலுக்கும் 0.5 எனக் கொண்டால், திசை மாற்றிய பின்னரும் மருதம் 51.3 புள்ளியும் நெய்தல் 55.8 புள்ளியும் பெறும். வலிய முல்லையின் அருகில் மருதமும், மெலிந்த குறிஞ்சியின் அருகில் நெய்தலும் அமர்ந்திருப்பதே காரணம். திசை மாறினாலும் அண்டை மாறவில்லை.

ஆ. முடிவிலாச் சுழற்சி

இந்திய வினாடி வினா வட்டாரங்களில் 'இன்ஃபினிட் பவுன்ஸ்' என வழங்கும் அமைப்பில், விடை கூறிய அணிக்கு அடுத்த அணியிடமிருந்து புதிய வினா தொடங்கும். ஓர் அணி சரியாக விடையளித்தால் அடுத்த அணிக்குப் புதிய வினா கிடைக்கும். தவறினால் அதே வினா கிடைக்கும். எவ்வாறாயினும் வாய்ப்பு அடுத்த அணிக்கே நகர்கிறது. ஆகவே விடை கூறும் வாய்ப்புகளின் எண்ணிக்கை எல்லா அணிகளுக்கும் ஏறக்குறையச் சமமாகிவிடுகிறது. இது இவ்வமைப்பின் நுட்பமான சாதனை.

எண்ணிக்கை சமமாயினும் தரம் சமமாவதில்லை. வினாக்களில் பாதி எளியவை, பாதி கடினமானவை எனக் கொள்வோம். திறன்மிக்க அணி எளிய வினாவுக்கு 0.8, கடின வினாவுக்கு 0.2 நிகழ்தகவுடன் விடையளிக்கும். மெலிந்த அணி எளியதற்கு 0.4 நிகழ்தகவுடன் விடையளிக்கும், கடினமானதற்கு விடையளிக்காது. திறன்மிக்க அணி விட்டுவிட்ட வினா கடினமானதாக இருக்கும் நிகழ்தகவு 0.8 ஆக உயர்கிறது. அடுத்துள்ள திறன்மிக்க அணி அதற்கு விடையளிக்கும் நிகழ்தகவு 0.32 மட்டுமே. மெலிந்த அணி விட்டுவிட்ட வினாவுக்கோ இது 0.425. முன்னுள்ள அணிக்குப் புதிய வினா வந்திருந்த நிலையில், அடுத்த அணிக்குப் புதிய வினா கிடைக்கும் வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், திறன்மிக்க அணியின் பின் அமர்ந்த அணிக்கு 0.41, மெலிந்த அணியின் பின் அமர்ந்த அணிக்கு 0.44 என அமைகிறது. சார்பு சிறிதாகியுள்ளது, மறையவில்லை. இங்கும் அண்டை அணி மாறாதிருப்பதே காரணம்.

இ. முந்துவிடை

வினா கைமாறத் தொடங்குமுன் விரும்பும் அணிகள் விடையை எழுதிக் கொடுக்கலாம் என்பது அண்மைக்கால அமைப்பு. ஆங்கிலத்தில் இதற்கும் கைமாறும் வினாவுக்கும் வழங்கும் சொற்கள் முதலெழுத்தின் ஒலிப்பில் மட்டுமே வேறுபடுகின்றன. தமிழ் எழுத்தில் இரண்டும் 'பவுன்ஸ்' என ஒன்றாகிவிடும். ஆதலின் இங்கு 'முந்துவிடை' என்ற சொல் ஆளப்படுகிறது.

சரியான முந்துவிடைக்குப் பத்துப் புள்ளி கூட்டலும், தவறான விடைக்கு ஐந்து புள்ளி கழித்தலும் என்க. தன் விடை சரியென்னும் நம்பிக்கை p எனவும், காத்திருந்தால் வினா தன்னிடம் வந்துசேரும் நிகழ்தகவு q எனவும் கொண்டால், p மதிப்பு 1/(3–2q) என்பதை மிஞ்சும்போது முந்துவிடை ஆதாயமானது. வினா வந்துசேர 0.5 நிகழ்தகவு உள்ள அணி, பாதிக்கு மேற்பட்ட நம்பிக்கை இருந்தால் மட்டுமே முந்தவேண்டும். கடைசியில் அமர்ந்து 0.125 நிகழ்தகவு மட்டுமே உள்ள அணி, 0.36 அளவு நம்பிக்கையுடனேயே முந்தலாம். இவ்வாறு பின்னிருக்கையின் இழப்பை முந்துவிடை ஓரளவு ஈடுசெய்கிறது. எனினும் முன்னிருக்கை அணி இடரின்றிப் பெறும் புள்ளியைப் பின்னிருக்கை அணி இடருடன் பெறவேண்டியிருக்கிறது என்பதும் உண்மை.

அண்டை மாறும் சுற்று: புதிய அமைப்பு

மேற்கண்ட மூன்று தீர்வுகளும் ஒரே இடத்தில் தடைபடுகின்றன. அணிகளின் இருக்கை வரிசையை மாறாத ஒன்றாக அவை ஏற்றுக்கொள்கின்றன. அணிகள் அமர்ந்துள்ள இருக்கையும் வினா செல்லும் வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இவ்விரண்டையும் பிரிப்பதே முன்மொழியப்படும் அமைப்பின் அடிப்படை.

நான்கு அணிகளை வரிசைப்படுத்த 24 வழிகள் உண்டு. 24 வினாக்கள் கொண்ட இறுதிப்போட்டியில் ஒவ்வொரு வரிசையையும் ஒரு முறை மட்டும் பயன்படுத்தலாம். இவற்றைக் கையாள்வதற்கு எளிதாக ஆறு சுற்றுகளாகப் பகுக்கலாம். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வட்ட வரிசை உண்டு:

முதற்சுற்று: குறிஞ்சி – முல்லை – மருதம் – நெய்தல்
இரண்டாம் சுற்று: குறிஞ்சி – நெய்தல் – மருதம் – முல்லை
மூன்றாம் சுற்று: குறிஞ்சி – முல்லை – நெய்தல் – மருதம்
நான்காம் சுற்று: குறிஞ்சி – மருதம் – நெய்தல் – முல்லை
ஐந்தாம் சுற்று: குறிஞ்சி – மருதம் – முல்லை – நெய்தல்
ஆறாம் சுற்று: குறிஞ்சி – நெய்தல் – முல்லை – மருதம்

ஒரு சுற்றில் நான்கு வினாக்கள். அவை அவ்வட்டத்தின் நான்கு அணிகளிடமிருந்தும் முறையே தொடங்கும். அவ்வட்டத்தின் வழியே கைமாறும். ஆறு வட்டங்களும் நான்கு தொடக்கங்களும் சேர்ந்து 24 வரிசைகளும் நிறைவடைகின்றன. ஒவ்வோர் அணியும் ஆறு நேர்வினாக்களைப் பெறும். எந்த அணிக்குப் பின்னும் ஏனைய மூன்று அணிகளும் இரண்டிரண்டு சுற்றுகளில் அண்டையாக வரும்.

இவ்வமைப்பு சமவாய்ப்பைத் தருவதற்கான நிறுவல் சுருக்கமானது. ஒத்த திறனுடைய இரு அணிகளின் பெயர்களை 24 வரிசைகளிலும் இடம்மாற்றி எழுதினால் கிடைப்பது அதே 24 வரிசைகளின் தொகுதியே. ஆகவே அவ்விரு அணிகளின் எதிர்பார்ப்பு மதிப்பும் சமமாகவே இருந்தாகவேண்டும். ஏனைய அணிகளின் திறன் எவ்வாறு அமைந்தாலும் இம்முடிவு மாறாது. முதல் எடுத்துக்காட்டில் முல்லை, மருதம், நெய்தல் மூன்றும் 64.5 புள்ளி வீதம் பெறும். குறிஞ்சி முன்போலவே 22.5 புள்ளி பெறும். அதாவது, மெலிந்த அணி எதையும் இழப்பதில்லை. அதன் அருகில் அமர்ந்ததற்காக எந்த அணியும் எதையும் ஈட்டுவதுமில்லை.

எளியவை, கடினமானவை என வினாக்கள் வேறுபடும்போதும் இந்நிறுவல் பொருந்தும். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. எந்த வினாவுக்கு எந்த வரிசை என்பது வினாத்தாளைத் தயாரித்தவரின் கையில் இருத்தல் ஆகாது. வினாக்களைக் குலுக்கி வரிசைகளோடு இணைத்தல் வேண்டும்.

நடைமுறைக் குறிப்புகள்

இவ்வமைப்பை மேற்கொள்வோர் எதிர்கொள்ளும் முதன்மையான தடை குழப்பமே. கால்பந்தாட்டத்தின் தண்டனை உதைகளில் முதல் உதையின் ஆதாயத்தைக் குறைக்கும் பொருட்டு, இரு அணிகளின் முறையை மாற்றி அமைக்கும் சோதனை 2017இல் தொடங்கி 2018இல் கைவிடப்பட்டது. நடைமுறைச் சிக்கலும் அதற்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது. நியாயமான அமைப்பேயாயினும் பார்வையாளர்க்கு விளங்காவிடில் நிலைபெறாது என்பதற்கு இது தக்க சான்று.

ஆதலின் சுற்றின் தொடக்கத்தில் அதன் வட்ட வரிசையைத் திரையிலோ கரும்பலகையிலோ எழுதிக்காட்டுதல் இன்றியமையாதது. வரிசை நான்கு வினாக்களுக்கு ஒரு முறையே மாறுவதால் நினைவில் கொள்வதும் கடினமன்று. மேடையில் இடமிருந்தால், சுற்றுதோறும் அணிகளின் பெயர்ப்பலகைகளை மட்டும் இடம்மாற்றி வைக்கலாம். புள்ளி குறிப்பவரிடம் 24 வரிசைகளும் அச்சிட்ட ஒரு தாள் இருத்தல் நன்று.

நேரம் குறைவாக இருந்து 12 வினாக்கள் மட்டுமே கேட்க இயலுமாயின், எந்த இரு அணிகளும் எந்த இரு இடங்களையும் ஒரு முறை மட்டுமே பெறுமாறு 12 வரிசைகளைத் தேர்ந்துகொள்ளலாம். அணிகளை 1, 2, 3, 4 எனக் குறித்தால் அவை:

1234, 2143, 3412, 4321
1342, 2431, 3124, 4213
1423, 2314, 3241, 4132

ஓர் அணி மட்டும் வேறுபட்ட திறனுடையதாக இருக்கும் நிலையில் ஏனைய மூன்றுக்கும் இது முழுச் சமத்துவத்தைத் தரும். எல்லா அணிகளின் திறனும் வெவ்வேறாக இருக்கும்போது அத்தகைய உறுதியைத் தர இயலாது.

ஆறு அணிகள் பங்கேற்கும்போது எல்லா வரிசைகளையும் பயன்படுத்துதல் இயலாது. அவை 720 ஆகும். இங்கு இ. ஜே. வில்லியம்ஸ் 1949இல் வேளாண், உயிரியல் சோதனைகள் போன்றவற்றுக்குப் பயன்படும் வகையில் வகுத்த சமநிலைச் சதுரம் துணைசெய்யும். 126354, 231465, 342516, 453621, 564132, 615243 என்னும் ஆறு வரிசைகளில் ஒவ்வோர் அணியும் ஒவ்வோர் இடத்தையும் ஒரு முறை பெறுகிறது; ஒவ்வோர் அணிக்கும் அடுத்து ஏனைய ஐந்து அணிகளும் ஒவ்வொரு முறை வருகின்றன; எந்த இரு அணிகளை எடுத்துக்கொண்டாலும் ஒன்று மற்றொன்றுக்கு முன்னால் மூன்று முறை வருகிறது. இது இருக்கைச் சார்பைக் குறைக்குமேயன்றி முழுதும் நீக்காது. ஆறு அணிகள் உள்ள மேடையில் இவ்வரிசைகளை முந்துவிடையோடு இணைத்துப் பயன்படுத்துவது ஏற்புடையது.

அமைப்பின் வரம்புகள்

அண்டை மாறும் சுற்று வினாக்களின் தரத்தைப் பற்றி எதுவும் கூறுவதில்லை. ஒரு துறையிலேயே வினாக்கள் குவிந்தால் அத்துறை அறிந்த அணி வெல்லும். வரிசை அதனைத் தடுக்காது. முன்னுள்ள அணிகள் கூறிய தவறான விடைகளைக் கேட்டுப் பின்னுள்ள அணி தெளிவு பெறுவதும் நீங்குவதில்லை. ஆனால் அந்த ஆதாயம் எல்லா அணிகளுக்கும் சமமாகப் பகிரப்படுகிறது. ஐந்து அணிகள் பங்கேற்கும்போது வரிசைகள் 120 ஆகிவிடுவதால், முழுச் சமத்துவம் நான்கு அணிகள் வரையிலான போட்டிகளுக்கே நடைமுறையில் இயல்வது. இறுதிப்போட்டிக்கு நான்கு அணிகளைத் தேர்வதற்கு எழுத்துத்தேர்வே தக்கது. அங்கு இருக்கை என்பது இல்லை.

முடிவுரை

முறைவழி வினாடி வினாவில் நேர்வினாக்களைச் சமமாகப் பங்கிட்டால் போதும் என்ற கருத்து முழுமையானதன்று. கைமாறும் வினாக்களின் வழியே அண்டை அணியின் திறன் ஓர் அணியின் புள்ளியில் கலக்கிறது. ஒத்த திறனுடைய அணிகளுக்கிடையே 24 வினாக்களில் 13.5 புள்ளி வரை வேறுபாடு தோன்றக்கூடும் என்பது கணக்கின்வழிக் காட்டப்பட்டது. வேறு எதுவும் செய்ய இயலாத இடத்தில் பாதிப் போட்டியில் திசையை மாற்றுவதே பெரும்பயன் தரும். நான்கு அணிகள் கொண்ட இறுதிப்போட்டியில் அண்டை மாறும் சுற்றை மேற்கொண்டால் சார்பு முற்றிலும் நீங்கும். இதற்குத் தேவைப்படுவது கருவியோ பொருட்செலவோ அன்று; ஆறு வட்ட வரிசைகள் எழுதிய ஒரு தாள் மட்டுமே. பள்ளி, கல்லூரிகளில் ஒரு வினா வேறுபாட்டில் மாணவர்களின் வெற்றி தோல்வி முடிவாகும் போட்டிகளை நடத்துவோர், வினாக்களைத் தேர்வதில் காட்டும் கவனத்தை அவை செல்லும் வரிசையிலும் காட்டுதல் வேண்டும்.